வயலில இருந்து தம்புள்ளை வரைக்கும்: சப்ளை செயினுக்கு பிக் டேட்டாவைப் பாவிக்கிறது எப்பிடி? வன்னி ஆக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இது ஆருக்கு எண்டா, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் மரக்கறி, பப்பாசி, கச்சான், நெல், மீன், பால் எண்டு ஏதாவது ஒண்டை வாங்கிச் சேர்த்து வெளியில அனுப்புற ஆக்களுக்கு. சங்கம் நடத்துறவைக்கு, மில் வைச்சிருக்கிறவைக்கு, உரக்கடை வைச்சிருக்கிறவைக்கு, வவுனியா பல்கலைக்கழகத்திலயோ அறிவியல் நகரிலயோ படிச்சு முடிச்சிட்டு ஊரில நிண்டு என்ன செய்யலாம் எண்டு தேடுற பிள்ளையளுக்கும்தான். சப்ளை செயின் எண்டா சாமான் வயலில இருந்து கடைசியா வாங்கிற ஆள் வரைக்கும் கைமாறிப் போற முழுப் பாதை. பிக் டேட்டா எண்டோன இது கொழும்பு ஆக்களின்ர விசயம் எண்டு தள்ளி வைச்சிடாதேங்கோ. சாமான் ஒரு கையில இருந்து அடுத்த கைக்கு மாறுற ஒவ்வொரு இடத்திலயும் ஒழுங்கா எழுதி வைச்சா, நாளைக்கு என்ன செய்யிறது எண்ட முடிவை அந்த எழுத்தை வைச்சு மாத்தலாம், முழுக் கதையும் இவ்வளவுதான். பெரிய கொம்பனியள் செய்யிறதும் இதைத்தான், அவையிட்ட எழுத்து கோடிக்கணக்கில கிடக்கு.

முதல்ல, என்ன மாறியிருக்கு எண்டு பாப்பம்

1974 ஜூன் 26ஆம் திகதி அமெரிக்காவில ஒஹாயோ மாநிலத்து ட்ரோய் எண்ட ஊரில ஒரு சுப்பர் மார்க்கெற்றில ரிக்லி சூயிங்கம் பைக்கெற் ஒண்டை பார்கோட் மெசினில காட்டி வித்தவை, அதுதான் முதல் பார்கோட் விற்பனை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு விற்பனையும் தானாவே ஒரு பதிவா மாறிச்சு. முந்தி கடைக்காரர் மாதம் முடிய இருப்பெடுத்துத்தான் என்ன போச்சு, என்ன கிடக்கு எண்டு கண்டுபிடிப்பார், இப்ப விக்கிற நிமிசத்திலயே தெரியும். 2001இல டக் லேனி எண்டவர் இந்தத் தரவு வெள்ளத்துக்கு மூண்டு குணம் சொன்னார்: அளவு கூட, வேகம் கூட, வகை கூட. பில், ஜிபிஎஸ், வெப்பமானி, மழை அளவு, ஆக்கள் போடுற மெசேஜ் எல்லாம் வேற வேற வடிவத்தில ஒரே நேரத்தில வருது, அதைச் சேர்த்துப் பாத்து முடிவெடுக்கிறதுதான் அனலிட்டிக்ஸ்.

வோல்மார்ட் எண்ட பெரிய அமெரிக்கக் கடைக் கொம்பனியின்ர கதை ஒண்டு இருக்கு. 2004இல பிரான்சிஸ் எண்ட சூறாவளி புளோரிடாவுக்கு வரப்போகுது எண்டேக்க, அதுக்குக் கொஞ்சம் முதல் அடிச்ச சார்லி சூறாவளி நேரத்து விற்பனைப் பதிவுகளை எடுத்துப் பாத்தினம். டோர்ச் லைற், தண்ணி எண்டு ஆரும் ஊகிக்கிறதுகளோட, ஸ்ட்ரோபெரி பொப்டார்ட்ஸ் எண்ட சிற்றுண்டி வழமையைவிட ஏழு மடங்கு வித்திருந்தது. அடுப்பு மூட்டத் தேவையில்லாத சாப்பாடு, விளங்குது, ஆனா எழுதி வைச்சிருக்காட்டி ஆருக்கும் தோன்றியிருக்காது. உடன லொறிக்கணக்கில அனுப்பினவை. எங்கட பக்கத்தில 2018 டிசம்பர் வெள்ளத்தில கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் எவ்வளவு பட்டுதெண்டு எல்லாருக்கும் தெரியும், அந்தக் கிழமை எந்தக் கடையில என்ன முதல்ல முடிஞ்சது எண்டு ஆராவது எழுதி வைச்சிருந்தா அடுத்த வெள்ளத்துக்கு அது எவ்வளவு பெறுமதி. சாமான் வராம நிண்டா என்ன நடக்கும் எண்டு 2006 ஓகஸ்டில ஏ9 மூடினதைக் கண்ட எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இன்னுமொண்டு விளங்க வேணும், இதுக்குச் சவுக்கு விளைவு எண்டு பேர். புரொக்டர் அன் கேம்பிள் கொம்பனி பம்பர்ஸ் விக்கேக்க கண்டதாம், பிள்ளையள் பாவிக்கிற அளவு கிழமைக்குக் கிழமை பெரிசா மாறாது, ஆனா கடையில இருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கயிருந்து பக்டரிக்கு எண்டு போகப் போக ஓடர் பயங்கரமா ஏறி இறங்குது. இதை எங்கட உரக்கடையில வைச்சுப் பாருங்கோ. ஒரு கணக்குக்குச் சொல்லுறன், பரந்தனில ஒரு கடை கிழமைக்கு 40 போத்தில் பூச்சிமருந்து விக்குது, ஒரு கிழமை 50 போகுது. முதலாளி பயந்து 70 ஓடர் பண்ணுவார், வவுனியாவில குடுக்கிறவர் எல்லாக் கடையும் கூடக் கேக்குது எண்டு இன்னும் கூட்டிக் கொழும்புக்குச் சொல்லுவார், அடுத்த மாதம் எல்லாற்ற ராக்கையிலயும் சாமான் தேங்கிக் கிடக்கும். வயலில உண்மையில கூடுதலா அடிச்சது அந்தப் பத்துப் போத்தில் மட்டும்தான். கடைசிக் கடையில உண்மையா எவ்வளவு வித்தது எண்ட தகவல் மேல இருக்கிற எல்லாருக்கும் அப்பிடியே போனா இந்தக் கூத்து நிக்கும். தரவு சப்ளை செயினை மாத்தின முக்கியமான இடம் எண்டு நான் இதைத்தான் சொல்லுவன், ரோபோவையோ ட்ரோனையோ இல்லை.

சரி, வேலைக்கு வருவம்.

படி 1: ஒரே ஒரு முடிவைத் தெரிஞ்செடுங்கோ

சொப்ட்வெயார் வாங்கிறது முதல் படியில்லை. "நாளைக்கு எத்தனை கூடை பப்பாசி இறக்கச் சொல்லுறது", "மீனுக்கு எவ்வளவு ஐஸ் எடுக்கிறது", "பட்டா காணுமோ லொறி பிடிக்கிறதோ", இப்பிடி நீங்கள் கிழமைக்குக் கிழமை எடுக்கிற, பிழைச்சாக் காசு போற முடிவு ஒண்டை மட்டும் பிடியுங்கோ. எல்லாத்தையும் ஒண்டாத் தொடங்கினா ஒண்டும் நடக்காது.

படி 2: சாமான் போற பாதையைக் கடதாசியில கீறுங்கோ

வயலில பறிக்கிறது, மர நிழலில கூட்டி வைக்கிறது, கூடையில அடுக்கிறது, லான்ட்மாஸ்டரிலயோ பட்டாவிலயோ சேகரிப்பு நிலையத்துக்கு வாறது, நிறுக்கிறது, தரம் பிரிக்கிறது, லொறியில ஏத்திறது, ஏ9இல இறங்கி ஓமந்தை, வவுனியா தாண்டித் தம்புள்ளை, அங்க கொமிசன் கடை, பிறகு கொழும்பு. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வட்டம் போடுங்கோ. அதுக்குப் பக்கத்தில எழுதுங்கோ: இங்க ஆர் நிறுக்கிறது, ஆர் எழுதிறது, எத்தனை மணித்தியாலம் நிக்குது. கூடுதலா நட்டம் வாறது ஓடுற லொறியில இல்லை, சும்மா காத்துக்கொண்டு நிக்கிற இடத்திலதான், கீறிப் பாத்தா அது உடன தெரியும்.

உலகத்தில விளையிற சாப்பாட்டில மூண்டில ஒரு பங்கு சாப்பிடாமலே போகுது எண்டு உலக உணவு விவசாய அமைப்பு 2011இல மதிப்பிட்டது. எங்கட பக்கம் சாக்கில அடைச்சு, அதுக்கு மேல ஆள் ஏறி மிதிச்சுக் கட்டுற மரக்கறியைப் பாத்தவைக்கு இது ஒண்டும் புதினமில்லை.

படி 3: எழுதிறது. இதிலதான் கனநேரம் செலவழிக்க வேணும்

அவசரப்படாம வாசியுங்கோ, மிச்சம் எல்லாம் இதுக்கு மேலதான் நிக்குது.

டார்கெட் எண்ட பெரிய அமெரிக்கக் கொம்பனி 2013இல கனடாவில கடை திறந்து 2015இல எல்லாத்தையும் மூடிப் போச்சு. காரணம் பல, அதில பெரியது ஒண்டு, புது சிஸ்டத்துக்குள்ள சாமான்ர நீள அகலம், பெட்டிக்குள்ள எத்தனை எண்டதெல்லாம் பிழையாப் பதிஞ்சிருந்தது. களஞ்சியத்தில சாமான் குவிஞ்சு கிடக்க, கடைத் தட்டு வெறுமையாக் கிடந்தது. அவ்வளவு காசு இருந்த ஆக்களுக்கே இது எண்டா, எங்கட கொப்பியில பிழை இருந்தா என்ன நடக்கும்.

ஒவ்வொரு கைமாற்றத்திலயும் இவ்வளவு காணும்: திகதி, நேரம், ஆரிட்ட இருந்து, என்ன சாமான், எந்தத் தரம், எத்தனை கிலோ, கழிச்சது எத்தனை கிலோ, ஏன் கழிச்சது, விலை. கடைசியா இருக்கிற "ஏன்" எண்டதைத்தான் எல்லாரும் விடுறவை. அழுகல், நசிவு, பிஞ்சு, பூச்சி, அளவு காணாது எண்டு அஞ்சாறு காரணத்துக்கு நம்பர் போட்டு, நிறுக்கிறவர் நம்பரை மட்டும் எழுதினாக் காணும். மூண்டு மாதம் போக, நசிவு முழுக்க ஒரு றோட்டில இருந்து வாற சாமானிலயோ, பிஞ்சு முழுக்க விலை ஏறின கிழமையிலயோ எண்டு அந்த நம்பர் சொல்லும். காரணத்துக்கேத்த மருந்து வேற வேற எல்லோ.

அளவில கவனம். மூடை எண்டு எழுதாதேங்கோ, மூடை இடத்துக்கு இடம் வேற, கிலோவில மட்டும் எழுதுங்கோ. நெல்லெண்டா ஈரப்பதனையும் எழுதத்தான் வேணும், நெற் சந்தைப்படுத்தும் சபை கேக்கிறது 14%. ஈரப்பதன் 18%இல இருக்கிற 100 கிலோ நெல்லைக் காயவைச்சு 14%க்குக் கொண்டுவந்தா மிச்சம் 95 கிலோ சொச்சம்தான். எப்பிடியெண்டா, 100 கிலோவில காய்ஞ்ச பங்கு 82, அதை 86ஆல பிரிச்சு நூறால பெருக்குங்கோ. இந்தக் கணக்குத் தெரியாததால மில்காரர் கையால பிடிச்சுப் பாத்து "ஈரம் கூட" எண்டு ஒரு குத்துமதிப்புக்குக் கழிக்கிறார், கமக்காரர் மனவருத்தத்தோட வாங்கிக்கொண்டு போறார். மீற்றரில பாத்து எழுதினா இரண்டு பேருக்கும் நியாயம்.

ஊர்ப்பேருக்கு ஒரு எழுத்துமுறை வைச்சுக்கொள்ளுங்கோ. புதுக்குடியிருப்பை ஒருவர் முழுசா எழுதுவார், ஒருவர் சுருக்கி எழுதுவார், ஒருவர் "புதுக்குடி" எண்டு விடுவார், கொம்பியூட்டருக்கு அது மூண்டு ஊர். ஆக்களுக்கும் பேர் வேண்டாம், அங்கத்துவ இலக்கம் குடுங்கோ. இன்னுமொண்டு, நிறுக்காத நாளுக்கு பூச்சியம் போடாதேங்கோ, வெறுமையா விடுங்கோ. சாமான் வரேல்லை எண்டுறதும் எழுதேல்லை எண்டுறதும் ஒண்டில்லை.

கருவி எண்டா, தொடங்க கூகிள் சீற் காணும், சிக்னல் இல்லாத இடத்தில கோபோ டூல்பொக்ஸ் எண்ட இலவசப் படிவத்தைப் போனில நிரப்பி, சிக்னல் வந்தோன அனுப்பலாம். எக்செல்லில ஒரு சீற்றுக்கு 1,048,576 வரிசை பிடிக்கும், ஒரு சேகரிப்பு நிலையம் அதை நிரப்பக் கனகாலம் எடுக்கும், அதுக்கு முன்னம் ஆராவது லட்சக்கணக்கில சிஸ்டம் விக்க வந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

படி 4: வெளியில இருக்கிற தரவைப் பக்கத்தில ஒட்டுங்கோ

உங்கட கொப்பி உங்கட பக்கத்தை மட்டும்தான் சொல்லும். தம்புள்ளை உள்ளிட்ட சந்தையளின்ர விலையை ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனம் ஒழுங்கா வெளியிடுது, வளிமண்டலவியல் திணைக்களம் மழை சொல்லுது, இரணைமடு, கட்டுக்கரை போல குளங்களின்ர நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களத்திட்டக் கேட்டு எடுக்கலாம். குளத்தில தண்ணி எவ்வளவு எண்டதை வைச்சுத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் எண்டு கூட்டத்தில முடிவெடுக்கிறவை, அந்த முடிவு வந்த அண்டைக்கே நாலு மாதத்துக்குப் பிறகு எவ்வளவு நெல்லு வரும், எத்தனை சாக்கு வேணும், களஞ்சியத்தில இடம் காணுமோ எண்டு மில்காரருக்குக் கணக்குப் போடலாம். சும்மா கிடக்கிற தகவல் இது.

நாட்காட்டியும் தரவுதான். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா, தைப்பொங்கல், போயா, புரட்டாதிச் சனி, பள்ளிக்கூட லீவு எல்லாத்துக்கும் ஒரு நிரல் போட்டு, அந்த நாளெண்டா 1 எண்டு குறியுங்கோ. சந்திரமாதத்தோட போற திருநாள் வருசத்துக்கு வருசம் திகதி மாறும், அதால "போன வருசம் இதே திகதி" எண்டு பாத்தா பிழைக்கும், திருவிழாவோட திருவிழாவை ஒப்பிடுங்கோ. மீனுக்கு நிலவையும் வாடைக்காத்தையும் சேருங்கோ, இதை எங்கட கடற்றொழிலாளியள் எப்பவோ மனசில வைச்சிருக்கினம், எழுதினா மட்டும் போதும்.

படி 5: முன்கணிப்பு

முதல்ல எளிய முறையைப் போடுங்கோ. கடைசி நாலு கிழமையின்ர சராசரி, இல்லாட்டிப் போன வருசம் அதே கிழமை. அதுக்கு அடுத்தது, கிட்டடி நாளுக்குக் கூட நிறை குடுக்கிற அடுக்குக்குறி மென்மையாக்கம், 1950கள், 60களில இருந்து இருக்கிற முறை, எக்செல்லிலயே செய்யலாம். 2020இல வோல்மார்ட் விற்பனைத் தரவை வைச்சு எம்5 எண்ட உலகப் போட்டி ஒண்டு நடந்தது, 5,500க்கு மேல அணியள். வெண்டது மெசின் லேர்னிங் முறைதான் (கொம்பியூட்டர் பழைய தரவில இருந்து தானே பழகிக் கணிக்கிறது), உண்மை, ஆனா இந்தப் பழைய மென்மையாக்க முறையைத் தாண்டினது பத்தில ஒரு பங்கு அணிகூட இல்லை. அதால பெரிய முறைக்குப் போக முதல் எளியதை வைச்சு அளந்து பாருங்கோ. அளக்கிறது எப்பிடியெண்டா, கடைசி எட்டுக் கிழமையை மறைச்சு வைச்சிட்டு, முந்தின தரவால அதைக் கணிச்சு, எத்தனை கிலோ பிழைக்குது எண்டு சராசரி எடுங்கோ. பைதன் எண்ட கொம்பியூட்டர் மொழி தெரிஞ்ச பிள்ளையள் லைட்ஜிபிஎம் எண்ட மெசின் லேர்னிங் கருவியைப் போட்டுப் பாக்கலாம், பிழை குறைஞ்சா வைச்சிருங்கோ, குறையாட்டி விடுங்கோ.

கனபேர் விடுற இடம் ஒண்டு: சாமான் முடிஞ்ச நாளில எழுதியிருக்கிற விற்பனை உண்மையான தேவை இல்லை. காலமை பத்து மணிக்கே 80 கிலோவும் போச்செண்டா தேவை 80 இல்லை, 120ஆவும் இருந்திருக்கலாம். அதால எத்தனை மணிக்கு முடிஞ்சது எண்டு எழுதுங்கோ, அந்த நாள்களை வேறயாக் குறியுங்கோ. இல்லாட்டி முன்கணிப்பு ஒவ்வொரு மாதமும் குறைஞ்சு குறைஞ்சு போய், கடை தானே தன்னைச் சுருக்கிக்கொள்ளும்.

இனி, கணிச்ச அளவை அப்பிடியே இறக்கிறதோ? இல்லை. பப்பாசி செலவோட கிலோ 120 ரூபா முடியுது, 150க்கு விக்கிறியள் எண்டு வைப்பம். வித்தா 30 லாபம், அழுகினா 120 நட்டம். லாபம் 30ஐ, லாபத்தையும் நட்டத்தையும் கூட்டின 150ஆல பிரிச்சா 0.2. கடைசி 50 நாள் தேவையைச் சின்னதில இருந்து பெரிசுக்கு அடுக்கி, 20% இடத்தில, அதாவது பத்தாவதா நிக்கிற கிலோவை இறக்குங்கோ. குறைவாத்தான் தெரியும், ஆனா அந்த லாபத்துக்கு அந்த நட்டத்தை எடுக்கேலாது. கச்சான் எண்டா கதை வேற, விக்காட்டியும் வைச்சிருக்கலாம், மிஞ்சினா கிலோவுக்கு 5 ரூபா செலவெண்டு வைச்சா 30ஐ 35ஆல பிரிக்க 0.86 வரும், 43ஆவது இடம், தாராளமா இறக்கலாம். அழுகிற சாமானுக்கும் அழுகாத சாமானுக்கும் ஒரே மனக்கணக்குப் போடுற கடையள்தான் கூட, இந்த ஒரு கணக்கே அவைக்குப் பெரிய உதவி.

படி 6: பாதையும் வாகனமும்

யுபிஎஸ் எண்ட பார்சல் கொம்பனி ஓரியன் எண்ட சிஸ்டத்தால ஒவ்வொரு றைவருக்கும் போற ஒழுங்கைக் கணக்குப்போட்டுக் குடுத்து, வருசத்துக்கு 10 கோடி மைல் ஓட்டத்தைக் குறைச்சதாச் சொல்லுது. எங்களுக்கு அந்தளவு வேண்டாம். பால் சேர்க்கிற வாகனம் எந்தச் சந்தியில எத்தனை மணிக்கு எத்தனை லீற்றர் ஏத்துது எண்டு ஒரு மாதம் எழுதினாலே எந்தப் பக்கம் முதல் போக வேணும் எண்டு தெரியும், வெயில் ஏற முதல் கூடப் பால் இருக்கிற பக்கத்தை முடியுங்கோ. தம்புள்ளையில இருந்து வெறும் லொறியா வாறதைக் குறைக்க, அங்கயிருந்து ஏத்தி வரக்கூடிய சாமானைக் கேட்டு வையுங்கோ. மீனுக்கு ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ் எண்ட கணக்கோட, பெட்டிக்குள்ள ஒரு வெப்பப் பதிவுக் கருவியை வைச்சு அனுப்புங்கோ. கொக்கிளாயில ஏத்தேக்க நல்லா இருந்த மீன் எந்த இடத்தில சூடேறிச்சு எண்டு வாய்த்தர்க்கம் இல்லாமத் தெரியும்.

படி 7: கிழமைக் கூட்டம்

திங்கள் காலமை அரை மணித்தியாலம். கணிச்சது எவ்வளவு, வந்தது எவ்வளவு, ஏன் வித்தியாசம். அனுபவக்காரர் ஒருவர் கணிப்பை மாத்தச் சொன்னா மாத்துங்கோ, ஆனா ஆர் மாத்தினது, ஏன் எண்டு எழுதுங்கோ. பிறகு பாத்தா சில ஆக்களின்ர மாத்தல் சிஸ்டத்தைவிடச் சரியா இருக்கும், அந்தாளின்ர பேச்சைக் கேக்க அதுவே சாட்சி. 2001இல நைக்கி கொம்பனி புது முன்கணிப்பு சொப்ட்வெயாரை நம்பி வேண்டாத சப்பாத்தைக் கூடவும் வேண்டினதைக் குறையவும் செய்து ஏறக்குறைய 10 கோடி டொலர் விற்பனையை இழந்தது.

படி 8: தரவு ஆருக்குச் சொந்தம்?

தனிய ஒரு நிலையத்தின்ர கொப்பி பிக் டேட்டா இல்லை, மாவட்டத்தில இருக்கிற சங்கங்கள் ஒரே படிவத்தில எழுதிச் சேர்த்தாத்தான் அது பெரிசாகும், விலை பேசேக்க பலம் வரும். 2022இல எரிபொருள் தட்டுப்பாட்டில கியூஆர் கோட் வந்தது ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு வாகனத்துக்கும் கிழமைக்கு இவ்வளவு எண்டு ஒரே இடத்தில பதிஞ்சோன, நாள்க்கணக்கில நிண்ட வரிசை குறைஞ்சது. ஒரே பதிவில எல்லாரும் இருந்ததால நடந்தது அது. அதே நேரம், மேர்ஸ்க் எண்ட கப்பல் கொம்பனியும் ஐபிஎம் எண்ட கொம்பியூட்டர் கொம்பனியும் சேர்ந்து 2018இல தொடங்கின ட்ரேட்லென்ஸ் எண்ட கப்பல் தரவுத் தளம், துறையில எல்லாரும் சேர்ந்து ஒத்துழைக்காததால 2022இல மூடப்போறம் எண்டு அறிவிச்சுது. தொழில்நுட்பம் இருந்தது, ஒற்றுமை காணாது.

ஆனா சேர்க்க முதல் கமக்காரரிட்டக் கேளுங்கோ. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில இருக்கு, சட்டம் இல்லாட்டியும் அதுதான் மரியாதை. ஆற்ற வயலில எவ்வளவு விளைஞ்சது, ஆருக்கு எவ்வளவு கடன் எண்டதெல்லாம் தரகர் கையில போனா அடுத்த நாள் விலை பேசேக்க அது அந்த மனிசனுக்கு எதிரா நிக்கும். வெளியில குடுக்கிறதெண்டா பேரும் போன் நம்பரும் இல்லாம, ஊரளவில கூட்டின கணக்கா மட்டும் குடுங்கோ. நிறுத்த உடன அதே விபரத்தை கமக்காரற்ற போனுக்கு வட்சப்பில அனுப்புங்கோ, போன் இல்லாதவைக்குத் துண்டில எழுதிக் குடுங்கோ. அவை பாத்துப் பிழை சொன்னாத்தான் உங்கட பதிவும் சுத்தமாகும்.

காலபோக அறுவடை தை கடைசியில தொடங்கும், அதுக்கு முதல், மார்கழிக்குள்ள படிவத்தையும் காரண நம்பரையும் முடிவாக்கி, ஈரப்பதன் மீற்றரையும் தராசையும் சரிபாத்து, தராசுக்குப் பக்கத்தில ஒரு போனும் பொறுப்பான ஒரு பிள்ளையும் இருக்க ஒழுங்கு செய்யுங்கோ. அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான சம்பளம் குடுங்கோ, சும்மா நிக்கிற ஆளிட்ட "இதையும் எழுது" எண்டு விட்டா எழுத்து அஞ்சாம் நாளே நிண்டிடும்.